14,650 எங்கே போனது: ஓர் இலவசச் செயலியும் மூன்று கணக்குகளும்

மே 29 காலையில் அக்காவின் போனுக்கு வங்கியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஆண்டு பிரீமியம் 36,000 எடுக்க வந்த ஆட்டோ டெபிட், சேமிப்புக் கணக்கில் பணம் போதாமல் திரும்பிவிட்டது. அதே போனில், இரண்டு வருடமாக அவள் நம்பிவந்த வரவு செலவுச் செயலியைத் திறந்தால், அந்தக் கணக்கில் 52,300 இருப்பதாகக் காட்டியது.

"நான்தான் எங்கேயோ கணக்கில்லாம செலவு பண்ணிட்டேன் போல. நீ கொஞ்சம் உக்காந்து பாருடி" என்றாள்.

இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்த முதல் வாக்கியம். அவள் பைசா பைசாவாகக் கணக்கு வைப்பவள். செயலி ஒன்றைச் சொல்ல, வங்கி வேறொன்றைச் சொல்ல, அவளுக்குச் சந்தேகம் வந்தது தன் மேல்தான். நான் பேரேடு எழுதிப் பிழைப்பவள். இப்படிப்பட்ட வித்தியாசங்களைத் தேடுவது என் அன்றாட வேலை. ஜூன் 1 அன்று இருவரும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்தோம். தொகைகளை அவள் விருப்பப்படி மாற்றியிருக்கிறேன். நாணயத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். கூட்டல் கழித்தல் மட்டும் நடந்தபடியே இருக்கும்.

இணைத்திருந்தவை மூன்று: ஒரு வங்கியில் சம்பளக் கணக்கு, இன்னொரு வங்கியில் சேமிப்புக் கணக்கு, ஒரு கிரெடிட் கார்டு. செயலியின் கணக்குப்படி சம்பளக் கணக்கில் 24,615, சேமிப்பில் 52,300, கார்டில் கட்ட வேண்டியது 11,940. கடனைக் கழித்தால் கையில் 64,975. அடுத்து ஒவ்வொரு வங்கியின் தளத்துக்குள்ளும் நேராகப் போய்ப் பார்த்தோம். சம்பளக் கணக்கில் 27,815, சேமிப்பில் 31,850, கார்டு பாக்கி 9,340. கையில் உள்ளது 50,325. வித்தியாசம் 14,650.

முதல் ஒரு மணி நேரத்தை வீணாக்கினோம். 14,650 என்ற தொகையை எல்லாப் பட்டியலிலும் தேடினோம். அப்படி ஒரு பதிவே இல்லை. அதில் பாதியான 7,325-ஐயும் தேடினோம். ஒரு வரவைத் தவறிப்போய்ப் பற்றாக எழுதிவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும் என்பது பேரேட்டுக்காரர்களின் பழைய சூத்திரம். அதுவும் இல்லை. பிறகுதான் உறைத்தது, மொத்தத்தை வைத்துத் தேடுவதே பிழை. மூன்று கணக்குகளையும் தனித்தனியே பிரித்தால் சேமிப்பில் செயலி 20,450 கூடுதலாகக் காட்டியது. சம்பளக் கணக்கில் 3,200 குறைவாகவும், கார்டு பாக்கியை 2,600 கூடுதலாகவும் காட்டியது. எதிரெதிர்த் திசையில் போன பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிட்டு, மிச்சமாக 14,650 என்ற அர்த்தமில்லாத எண்ணை நம் கையில் கொடுத்திருந்தன. இணைத்த கணக்குகள் எத்தனை இருந்தாலும், செயலியின் முகப்பில் பெரிதாகத் தெரியும் மொத்தத்தை வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. ஒவ்வொரு கணக்கையும் அதற்குரிய வங்கியோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். பள்ளிக் கணக்குப்பதிவியலில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று படித்தது இதைத்தான்.

சேமிப்புக் கணக்கு: 180 நாள்

பெரிய ஓட்டையிலிருந்து தொடங்கினோம். சேமிப்புக் கணக்கின் பதிவுகளை இரண்டு திரைகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஏப்ரல் 12 வரை வரிக்கு வரி ஒத்துப்போனது. அதற்குப் பிறகு செயலியில் ஒரு வரிகூட இல்லை. வங்கியில் நான்கு வரிகள் இருந்தன: ஏப்ரல் 20-ல் சம்பளக் கணக்குக்கு அவளே மாற்றிய 15,000, ஏப்ரல் கடைசியில் வரவான வட்டி 550, மே மாதம் கழிந்த ஓர் ஆண்டுக் கட்டணம் 5,600, டெபிட் திரும்பியதற்கான அபராதம் 400. கூட்டிக் கழித்தால் சரியாக 20,450.

வங்கியின் பதிவுகள் செயலிக்குத் தானாக வந்து சேரும் ஒத்திசைவு ஏப்ரல் 12-ல் நின்றுபோயிருக்கிறது. ஏன் அந்தத் தேதி?

"நீ இந்தக் கணக்கை எப்போ இணைச்ச?" என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. ஆனால் வங்கியின் தளத்தில், அமைப்புகளுக்குள் நாலைந்து படி இறங்கினால், எந்தெந்த வெளிச் செயலிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று ஒரு பக்கம் இருக்கிறது. இந்தச் செயலியின் பெயருக்கு எதிரே அனுமதி கொடுத்த நாள் அக்டோபர் 14 என்றிருந்தது. காலண்டரை எடுத்து எண்ணினோம். அக்டோபரில் மிச்சம் 17, நவம்பரில் 30, டிசம்பரில் 31, ஜனவரியில் 31, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 31, ஏப்ரலில் 12. ஆக 180. அனுமதியின் ஆயுள் முடிந்த அன்றே கணக்கு உறைந்துவிட்டது.

இந்த ஆயுள் வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒன்று, நல்ல நோக்கத்தோடு வைக்கப்பட்டது. நம் கணக்கை யாரோ என்றென்றும் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக அனுமதிக்கு முடிவு நாள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி 90 நாளுக்கு ஒருமுறை வாடிக்கையாளர் தன் வங்கியிடம் மறுபடி அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. அடிக்கடி இணைப்பு அறுந்துபோவதாகப் புகார்கள் குவிந்தபின், 2023 ஜூலை முதல் அது 180 நாளாக நீட்டப்பட்டது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2016-ல் விதி வகுத்து 2021 செப்டம்பரில் செயலுக்கு வந்த, நம் அனுமதியோடு நிதித் தரவைப் பகிரும் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் முறையில், எதற்காக, எத்தனை நாளுக்கு, எத்தனை முறை தரவு எடுக்கலாம் என்பதெல்லாம் அனுமதிச் சீட்டிலேயே எழுதப்பட்டிருக்கும். நாட்டுக்கு நாடு நாள்கணக்கு மாறும். முடிவு நாள் என்ற ஒன்று இருப்பது மாறாது.

அனுமதி முடிந்ததில் எனக்குக் குறையே இல்லை. முடிந்த பிறகு செயலி என்ன செய்தது என்பதில்தான் குறை. ஏழு வாரம் பழையதாகிவிட்ட 52,300-ஐ அதே பெரிய எழுத்தில், அதே கறுப்பு நிறத்தில் காட்டிக்கொண்டே இருந்தது. கணக்கின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் மட்டும், வெளிறிய சின்ன எழுத்தில் கடைசியாகப் புதுப்பித்த நாள் தெரிந்தது. சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்திருந்தால் அக்கா அன்றைக்கே சரிசெய்திருப்பாள். பிழைச் செய்தியோடு நிற்கும் ஒத்திசைவால் பெரிய கேடில்லை. சொல்லாமல் நிற்பதுதான் ஆட்டோ டெபிட்டைத் திருப்பி அனுப்புகிறது.

இதைவிட நுணுக்கமான ஒரு கேடும் சேர்ந்துகொண்டது. ஏப்ரல் 20-ல் அவள் மாற்றிய 15,000, உயிரோடிருந்த சம்பளக் கணக்கில் வந்து சேர்ந்தது செயலியில் தெரிந்தது. வந்தது தெரிகிறதே, போனதும் கழிந்திருக்கும் என்று அவள் நினைத்ததில் தப்பே இல்லை. ஆனால் மறுபக்கம் உறைந்திருந்ததால் செயலிக்கு அந்த இரண்டும் ஒரே பணம் என்று தெரியவில்லை. ஜோடி கிடைக்காத 15,000-ஐ அது வருமானத் தலைப்பில் போட்டுவிட்டது. ஏப்ரல் மாத அறிக்கையில் வருமானம் 15,000 கூடியிருந்தது; மிச்சம் பிடித்ததற்காக ஒரு பாராட்டுச் செய்தியும் வந்திருந்தது. அதை அவள் எனக்குக் காட்டியபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

சம்பளக் கணக்கு: இரண்டு சனிக்கிழமைகள்

3,200 குறைவு. இங்கே ஒத்திசைவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பதிவுகள் நூற்றுக்கணக்கில் இருந்ததால் வரிசையாக ஒப்பிடாமல் பாதி பாதியாக வெட்டினோம். டிசம்பர் 31-ல் வங்கி ஸ்டேட்மென்டின் இருப்பும் செயலியின் இருப்பும் ஒன்று. மார்ச் 31-ல் 3,200 வித்தியாசம். நடுவில் பிப்ரவரி 15-ஐ எடுத்தோம், ஒன்றாக இருந்தது. மார்ச் 8-ல் முழு 3,200-ம் வந்துவிட்டிருந்தது. ஐந்தாறு தடவை வெட்டியதும் இரண்டு நாள்கள் கையில் நின்றன. அந்த இரண்டிலும் ஒரே செலவு இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது: 1,450 ஒன்று, 1,750 ஒன்று. இரண்டுமே சனிக்கிழமை இரவுச் செலவு. முதல் பதிவில் தேதி சனிக்கிழமை, நகலில் திங்கட்கிழமை.

இதற்குப் பின்னால் உள்ள கதையை அக்காவே சொன்னாள். மார்ச் இரண்டாம் வாரத்தில் வங்கி தன் நுழைவு முறையை மாற்றியிருக்கிறது. அதன்பின் செயலியில் அந்தக் கணக்கு திறக்கவில்லை. உதவிப் பிரிவுக்கு எழுதியதற்கு, கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள் என்று ஒரு பதில் வந்திருக்கிறது. செய்திருக்கிறாள். மறுபடி ஓடத் தொடங்கியது, அவளும் மறந்துவிட்டாள்.

இணைப்பின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்தச் செயலிகள் பெரும்பாலும் வங்கியோடு நேரடியாகப் பேசுவதில்லை. பல வங்கிகளின் தரவைத் திரட்டிச் செயலிகளுக்குக் கொடுக்கும் திரட்டு நிறுவனம் ஒன்று நடுவில் இருக்கும். 1999-ல் தொடங்கிய யோட்லி, 2013-ல் தொடங்கிய பிளெய்ட் போன்றவை. பழைய வழியில், வாடிக்கையாளரின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு, அவரைப் போலவே தளத்துக்குள் நுழைந்து, திரையில் உள்ளதைச் சுரண்டி எடுப்பார்கள். வங்கி தளத்தின் அமைப்பை மாற்றினாலோ ஓடிபி கேட்டாலோ அது நின்றுவிடும். பழைய கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப முயன்று கணக்கையே பூட்டவைத்துவிடுவதும் உண்டு. புதிய வழியில் வங்கியே ஏபிஐ என்ற வாசலைத் திறந்து, அனுமதி உள்ளவர்களுக்கு மட்டும் தரவைக் கொடுக்கிறது. கடவுச்சொல் யாரிடமும் போவதில்லை. சந்தேகமில்லாமல் இதுதான் மேல்.

பழைய வழியிலிருந்து புதியதற்கு மாறும் இடத்தில் ஒரு தையல் விழுகிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கணக்கை நீக்கிப் புதிதாகச் சேர்த்தால் அதே பதிவுகள் புது எண்களோடு வரும். பழையதும் புதியதும் ஒன்றே என்று கண்டுபிடிக்கச் செயலிக்கு மிஞ்சுவது தேதி, தொகை, விவரம் மூன்றும்தான். அதில் தேதியும் மாறக்கூடியது. செலவு செய்த நாள் ஒன்று, வங்கி அதைக் கணக்கில் ஏற்றிய நாள் இன்னொன்று. பழைய வழி முதலாவதை எடுத்திருக்கிறது, புதிய வழி இரண்டாவதை எடுத்திருக்கிறது. ஒரு நாள் வித்தியாசத்தைச் செயலி பொறுத்துக்கொண்டு நகலைத் தள்ளியிருக்கிறது, வார நாள் பதிவுகள் எதுவும் இரட்டிக்கவில்லை என்பதிலிருந்து இதை ஊகிக்கிறேன். சனிக்கிழமை இரவு செய்தது திங்களன்று ஏறும்போது இடைவெளி இரண்டு நாளாகிவிடுகிறது. அந்த இரண்டும் வலையில் நழுவிவிட்டன.

ஆகவே, நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள் என்ற அறிவுரையைக் கேட்ட உடனே செய்யாதீர்கள். பல செயலிகளில் இருக்கும் இணைப்பைப் புதுப்பிக்க மட்டும் தனி வழி உண்டு. அதில் கணக்கின் அடையாளம் மாறாது, பழைய பதிவுகளும் தலைப்புகளும் கலையாது. நீக்கித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் எல்லாப் பதிவுகளையும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டு, நீக்கிய நாளையும் அன்றைய இருப்பையும் எழுதிவைத்துவிட்டுச் செய்யுங்கள். அந்த நாளுக்கு முந்தைய சில வாரங்களில்தான் நகல்கள் ஒளிந்திருக்கும்.

கார்டு விஷயம் சின்னது. தங்கும் விடுதி ஒன்றில் நுழைந்தபோது முன்கூட்டியே பிடித்துவைத்த 2,600, கிளம்பும்போது இறுதித் தொகையாக 2,840 ஆனது. வங்கியில் முதலாவது மறைந்து இரண்டாவது மட்டும் நின்றது. செயலியில் இரண்டும் நின்றன. முடிவாகாத பதிவு முடிவானதும் புது எண் பெறுவது வழக்கம். பிளெய்ட் போன்றவை புதிய பதிவிலேயே பழைய எண்ணைக் குறித்துக் கொடுக்கின்றன. ஆனாலும் தொகையே மாறியிருக்கும்போது, வங்கி அந்தத் தொடர்பைச் சரியாகத் தராவிட்டால் யாராலும் ஜோடி சேர்க்க முடியாது. முடிவாகாத பதிவுகளைக் கணக்கில் சேர்க்காதே என்று செயலியில் ஓர் அமைப்பு இருந்தது. அதைப் போட்டுவிட்டோம்.

இலவசம் என்பது எங்கே வலிக்கிறது

கட்டணச் செயலிகளிலும் இந்த மூன்று பிழைகளும் வரும். வங்கிகள் அவைதான், திரட்டு நிறுவனங்களும் அவைதான். ஆனால் ஒவ்வொரு இணைப்புக்கும் செயலிக்காரர் திரட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டுகிறார். பயனரிடமிருந்து வரவே இல்லாதபோது எங்கே குறைப்பது என்ற கேள்வி வரும். புதுப்பிக்கும் இடைவெளி நீளும். அந்த நிமிடத்து இருப்பைக் கேட்காமல், ஏற்கெனவே எடுத்து வைத்த இருப்பைக் காட்டுவது மலிவு. அறுந்த இணைப்பைக் கண்டறிந்து பயனருக்கு எழுதும் ஆள்பலம் குறையும். அக்காவின் கேள்விக்கு வந்தது ஒரு தயார்நிலைப் பதில் என்பதை மறுபடி நினைத்துக்கொள்கிறேன்.

இந்த வகைச் செயலிகளில் மிகப் பெரிய பெயராக இருந்தது மின்ட். 2007-ல் அமெரிக்காவில் வந்தது. 2009-ல் இன்ட்யூட் நிறுவனம் அதை 17 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 அக்டோபர் கடைசியில் மூடப்போவதாகச் செய்தி வந்து, 2024 மார்ச்சில் மூடப்பட்டது. பல வருடப் பதிவுகளை வைத்திருந்தவர்கள் சில மாதங்களுக்குள் எல்லாவற்றையும் கோப்பாக இறக்கிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியிருந்தது. தரவைக் கொடுக்கும் பக்கத்திலும் செலவு ஏறுகிறது. தன் வாடிக்கையாளர் தரவுக்கு இனி கட்டணம் உண்டு என்று அமெரிக்க வங்கியான ஜேபி மோர்கன் சேஸ் 2025-ல் திரட்டு நிறுவனங்களிடம் சொன்னது. அந்த ஆண்டு செப்டம்பரில் பிளெய்ட் கட்டணம் தர ஒப்பந்தம் செய்துகொண்டது. வாடிக்கையாளரின் தரவை இலவசமாகத் தர வேண்டும் என்று அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்ட விதியோ, வெளிவந்த உடனே வழக்கில் சிக்கியது. இந்தச் செலவு எங்கோ ஓரிடத்தில் இறங்கியே தீரும்.

இவ்வளவும் தெரிந்தும், செயலியை அழித்துவிடு என்று நான் அக்காவிடம் சொல்லவில்லை. இரண்டு வருடமாக அவள் தன் செலவைத் தானே பார்க்கப் பழகியது அதனால்தான். எதற்கு அதைக் கேட்கலாம், எதற்குக் கேட்கக் கூடாது என்பதை மட்டும் பிரித்தோம். மாதச் செலவு எந்தத் தலைப்பில் கூடுகிறது என்று பார்க்க அது போதும். பணம் எடுக்க வரும் நாளில் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு வங்கியின் சொந்தத் தளத்தைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

செய்த திருத்தங்கள் அரை மணி நேரத்தில் முடிந்தன. இரண்டு நகல்களையும் 2,600-ஐயும் நீக்கினோம். மறுநாள் சேமிப்புக் கணக்கின் அனுமதியைப் புதுப்பித்ததும் விடுபட்ட நான்கு வரிகளும் வந்தன. 15,000-ஐ வருமானத்திலிருந்து எடுத்து, இரண்டு பக்கத்தையும் சொந்தக் கணக்குகளுக்கு இடையிலான மாற்றம் என்று குறித்தோம். மூன்று கணக்குகளும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போயின. வங்கியின் அனுமதிப் பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது: எப்போதோ பயன்படுத்தி, போனிலிருந்து அழித்துவிட்ட வேறொரு செயலிக்கு அனுமதி இன்னும் உயிரோடு இருந்தது. போனிலிருந்து செயலியை அழிப்பதால் மட்டும் வங்கியில் கொடுத்த அனுமதி ரத்தாவதில்லை. அதையும் அங்கேயே ரத்து செய்தாள்.

"அப்போ நான் எதையும் தொலைக்கலையா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அபராதம் 400 மட்டும்தான் போனது என்றேன். பிரீமியத்துக்குச் சம்பளக் கணக்கிலிருந்து 5,000 மாற்றி, கையாலேயே கட்டினாள்.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் மூன்று வங்கித் திரைகளையும் திறந்து, மூன்று எண்களை ஒரு நோட்டில் எழுதி, செயலியில் உள்ளதைப் பக்கத்தில் எழுதுகிறாள். ஜூலையில் சம்பளக் கணக்கில் ஒரு சிறு வித்தியாசம் வந்தது. முடிவாகாத ஒரு பதிவு என்று அவளே கண்டுபிடித்துவிட்டுத்தான் எனக்கு போன் செய்தாள். ஜூன் 2-லிருந்து 180 நாளையும் அவளே எண்ணிப் பார்த்திருக்கிறாள். காலண்டரில் நவம்பர் 29-ஐச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் "சேமிப்பு, புதுப்பி" என்று எழுதி வைத்திருக்கிறாள்.